தாத்தாவின் பெட்டியில் 1938 கடன் நிவாரணச் சட்டப் புத்தகம்: கடைசித் தாளில் இருக்கும் பென்சில் கணக்கு யாருக்காவது புரிகிறதா?

வடவாற்றங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே இது என் முதல் பதிவு, இடம் தப்பாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

எங்கள் தாத்தா மன்னார்குடியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். போன மாதம் ஊர் வீட்டில் ஓடு மாற்றும்போது பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. உள்ளே கரையான் தின்றது போக மிச்சமிருந்த பஞ்சாங்கங்கள், ஒரு மைக்கூடு, எதற்கென்றே தெரியாத சாவிகள் ஏழு. அடியில் நாலு முழ வேட்டியில் சுற்றி ஒரு புத்தகம் மட்டும் உருப்படியாக இருந்தது. இங்கிலீஷ் புத்தகம். 1938-ஆம் வருஷத்து நாலாவது சட்டம், அதாவது மெட்ராஸ் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்துக்கு எழுதிய விளக்கவுரை. தலைப்புப் பக்கத்தில் கீழ்ப்பாதி கிழிந்து போயிருப்பதால் அச்சடித்த வருஷம் தெரியவில்லை.

சொந்தக்காரர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு "ஆன்டிக்டா இது, லட்சத்துக்குக் குறையாம போகும், அவசரப்பட்டுக் குடுத்துடாதே" என்கிறார். அவர் எல்லாவற்றுக்குமே லட்சம் சொல்பவர், இருந்தாலும் கேட்டு வைப்போம் என்றுதான் வந்தேன். நிஜமாகவே இது அபூர்வமா?

அதைவிட என்னைக் குடைவது இன்னொன்று. கடைசி வெற்றுத்தாளில் பென்சிலில் இப்படி எழுதியிருக்கிறார்:

1925 – 400
1928 – 544
1931 – 740
1934 – 1006
வரவு 200, 175, 150 = 525
800 – 525
275

பக்கத்தில் 8 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறார். 275-க்குக் கீழே இரண்டு கோடு. 1006 வரைக்கும் ஏறிப் போன கணக்கு எப்படி 275-க்கு வந்தது, நடுவில் இந்த 800 எங்கிருந்து முளைத்தது என்று நானும் மூன்று நாளாகப் பார்க்கிறேன். நான் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ, சட்டம் சுத்தமாகத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழையபேப்பர்:

விலையைப் பற்றி நான் சொல்கிறேன், கணக்கை வேறு யாராவது பார்க்கட்டும்.

லட்சம் எல்லாம் கிடையாது தம்பி, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். பழைய சட்ட விளக்கவுரைகள் வினோதமான சரக்கு. சட்டம் வந்த சூட்டில் ஒவ்வொரு முன்சீப் கோர்ட்டிலும் வக்கீலுக்கு ஒன்று வேண்டியிருக்கும், நிறைய அச்சடிப்பார்கள். அப்புறம் ஒரு திருத்தம் வந்தால் அத்தனையும் ஒரே நாளில் பழசு. வக்கீல் ஆபீஸில் இடத்தை அடைக்கிறது என்று எடைக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் மிஞ்சியது குறைவுதான், ஆனால் தேடுகிறவனும் குறைவு. அபூர்வம் வேறு, விலை வேறு. ஒரு நாவலின் முதல் பதிப்புக்குச் சண்டை போடுகிற ஆட்கள் இதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வியாபாரியிடம் போனால் சில நூறு ரூபாய் சொல்வான், பைண்டிங் போயிருந்தால் அதுவும் சந்தேகம்.

ஆனால் அந்தப் பென்சில் எழுத்து இருக்கிறதே, அதுதான் சரக்கு. அச்சடித்த புத்தகம் எங்கேயாவது இன்னொன்று கிடைக்கும், குமாஸ்தா கையெழுத்து கிடைக்காது. அதனால் மூன்று விஷயம், தயவுசெய்து கேளுங்கள். பைண்டிங் கடையில் கொடுக்காதீர்கள், அவன் முதல் காரியமாக மூன்று பக்கமும் ஓரத்தை வெட்டி நேராக்குவான், உங்கள் தாத்தா ஓரத்தில் எழுதியதெல்லாம் குப்பைக் கூடைக்குப் போய்விடும் (எனக்கு நடந்திருக்கிறது, ஒரு மருத்துவச் சுவடிக் குறிப்பு அப்படித்தான் போயிற்று, இன்னும் வயிறு எரிகிறது). செல்லோடேப் ஒட்டாதீர்கள். வெயிலில் காய வைக்காதீர்கள், நிழலில் காற்றாட வைத்தால் போதும். ராமபாணப் பூச்சி ஓட்டை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதலில் எல்லாப் பக்கத்தையும், வெற்றுத்தாள் உட்பட, போனிலாவது படம் எடுத்து வையுங்கள்.

---

மூன்றாம்வாய்தா:

ஆஹா. இந்தக் கணக்கைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தஞ்சாவூர்ப் பக்கம் முப்பது வருஷம் சிவில் பார்த்தவன், என் சீனியர் இந்தச் சட்டத்தில் ஊறியவர், அவர் சொல்லிக் கொடுத்ததை வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதல் நாலு வரி ஒரே கடன். நாலு கடன் இல்லை. 1925-ல் யாரோ ஒருவர் 400 ரூபாய் புரோநோட்டில் வாங்கியிருக்கிறார், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. புரோநோட்டுக்கு மூன்று வருஷம்தான் ஆயுள், அதற்குள் வழக்குப் போடாவிட்டால் காலாவதி. அதனால் மூன்றாம் வருஷம் முடிகிற சமயம் கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பார், "ஒன்று பணம் கொடு, இல்லை புது நோட்டு எழுதிக் கொடு." பணம் எங்கே இருக்கிறது? 400-க்கு மூன்று வருஷ வட்டி 144, சேர்த்து 544-க்குப் புது நோட்டு. வாங்கிய வட்டி இப்போது அசல் ஆகிவிட்டது. 544-க்கு அடுத்த மூன்று வருஷம் போட்டால் 740. 740-க்குப் போட்டால் 1006. பெருக்கிப் பாருங்கள், அணா பைசா நீங்கலாகச் சரியாக வரும். காகிதத்தில் எங்குமே கூட்டு வட்டி என்று இருக்காது, எல்லாம் ஒழுங்கான தனிவட்டிதான். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கையெழுத்து வாங்கியே ஒன்பது வருஷத்தில் 400 ரூபாயை 1006 ஆக்கியாகிவிட்டது. இந்த ஆள் புது ரூபாய் ஒன்றுகூடக் கையில் வாங்கவில்லை.

இதற்கு நடுவில் 1930 வாக்கில் உலகம் முழுக்க மந்தம், நெல் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. கடன் ரூபாயில் இருக்கிறது, வருமானம் நெல்லில் வருகிறது. அதே கடனை அடைக்க இரண்டு மடங்கு நெல் அளக்க வேண்டும். 1937-ல் ராஜாஜி மந்திரிசபை வந்ததும் கையில் எடுத்த பெரிய வேலைகளில் இது ஒன்று, 1938 மார்ச் 22-ல் சட்டம் அமலுக்கு வந்தது.

இப்போது அந்த வட்டம் போட்ட 8. அது எட்டாவது பிரிவு. 1932 அக்டோபர் 1-க்கு முந்தைய கடன் என்றால் அந்தப் பிரிவு சொல்வது: 1937 அக்டோபர் 1-ல் நிலுவையில் இருந்த வட்டி முழுக்கத் தள்ளுபடி. அசலாகவோ வட்டியாகவோ இதுவரை கட்டியது அசலைப்போல் இரண்டு மடங்கைத் தொட்டுவிட்டால் கடனே தீர்ந்தது, அசல் உட்பட. தொடவில்லை என்றால், இரண்டு மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அந்தத் தொகை, அல்லது நிற்கிற அசல், இந்த இரண்டில் எது குறைவோ அதைக் கொடுத்தால் போதும்.

சரி, எது அசல்? இங்கேதான் சட்டம் எழுதியவர்களின் சாமர்த்தியம். நோட்டைப் புதுப்பித்திருந்தால் கடைசி நோட்டில் உள்ள தொகையைப் பார்க்காதே, முதன்முதலில் கையில் கொடுத்த பணம்தான் அசல் என்று அதே பிரிவில் விளக்கம் போட்டார்கள். ஆக 1006 இல்லை, 740 இல்லை, 400. இரண்டு மடங்கு 800. உங்கள் 800 அங்கேதான் முளைத்தது. இந்த மனிதர் 34-க்கு அப்புறம் மூன்று தவணையாக 525 கட்டியிருக்கிறார். 800-ல் 525 போனால் 275. கட்டியதெல்லாம் வட்டிக்கே போனதால் நிற்கிற அசல் 400, குறைவானது 275. அதற்குத்தான் இரண்டு கோடு.

சட்டம் இல்லாமல் இருந்தால்? வருஷத்துக்கு ஒரு தவணை என்று வைத்து நான் சும்மா போட்டுப் பார்த்தேன், 800-க்குக் கீழே வரவில்லை.

கோர்ட்டில் அடிதடி எல்லாம் அந்த 1932 அக்டோபர் தேதியை வைத்துத்தான். அதற்குப் பிந்திய கடன் என்றால் ஒன்பதாவது பிரிவு, அதில் அசல் அப்படியே நிற்கும், வட்டி மட்டும் 5 சதவீதத்துக்கு இறங்கும். அதனால் கடன் கொடுத்தவர் "1934-ல் ரொக்கமாகவே 1006 கொடுத்தேன்" என்று சத்தியம் செய்வார். வாங்கியவர் "இல்லை, பழைய நோட்டைப் புதுப்பித்தது" என்பார். அதை எப்படி நிரூபிப்பது? புது நோட்டு எழுதியதும் பழைய நோட்டைக் கையெழுத்தைக் கிழித்துத் திருப்பிக் கொடுப்பது வழக்கம். அந்தக் கிழிசலைக் கூரையில் செருகி வைத்திருந்தவன் பிழைத்தான், அடுப்பில் போட்டவன் மாட்டிக்கொண்டான். உங்கள் தாத்தா வருஷ வாரியாக நாலையும் எழுதியிருப்பதைப் பார்த்தால் கட்சிக்காரர் கிழிசல்களைக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு வேலை செய்யுங்கள். ஒன்பதாம் பிரிவுக்குப் பின்னால் 9-ஏ என்று அச்சில் இருக்கிறதா பாருங்கள். அது 1948 திருத்தத்தில் வந்தது, போக்கியத்துக்கானது. ஃபெடரல் கோர்ட் (இப்போதைய சுப்ரீம் கோர்ட்டுக்கு முன்னோடி) தீர்ப்பு ஒன்றும் இருக்கிறதா பாருங்கள், சுப்ரமணியன் செட்டியார், முத்துசாமி கவுண்டன் வழக்கு, 1941 ரிப்போர்ட்டில் வரும். புரோநோட்டு மத்திய அதிகாரத்துக்கு உட்பட்டது, மாகாணம் அதில் கைவைக்கலாமா என்று டெல்லி வரை போன வழக்கு. டிக்ரி, அதாவது கடனைக் கட்டு என்று கோர்ட் ஆணை, ஆகிவிட்ட பிறகு நோட்டு டிக்ரிக்குள் கரைந்துவிட்டது, அதனால் டிக்ரி கடனைப் பொறுத்தவரை சட்டம் செல்லும் என்று பெரும்பான்மை, நீதிபதி சுலைமான் மட்டும் மாறுபட்டார். இந்த இரண்டும் இல்லாவிட்டால் உங்கள் புத்தகம் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள் வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

---

இஎம்ஐமன்னன்:

இந்தச் சட்டம் இப்போ இருந்தா என் பர்சனல் லோன் எப்பவோ தீர்ந்திருக்குமே சார்

---

மூன்றாம்வாய்தா:

வருமான வரி கட்டுபவரா? அப்படியென்றால் அன்றைக்கே உங்களை வெளியே நிறுத்தியிருப்பார்கள். விவசாய நிலத்தில் பாத்தியதை இருந்தாலும் வருமான வரிக்காரர் "விவசாயி" இல்லை. அரை வருஷ வருமானம் 600 ரூபாய்க்கு மேல் காட்டித் தொழில் வரி கட்டியவரும் இல்லை. நிலம் வேறு இல்லாமல் ஆசைப்படாதீர்கள்.

---

வடவாற்றங்கரை:

சார், என்ன சொல்வதென்றே தெரியவில்லை. உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் "புரோநோட்டு கிழிசல்னா சணல்ல கோத்து ஆணியில மாட்டியிருப்பாங்கடா, சின்ன வயசுல பாத்திருக்கேன்" என்றார். எங்கள் வீட்டிலா வக்கீல் வீட்டிலா என்று கேட்டால் அது ஞாபகமில்லை என்கிறார்.

9-ஏ அச்சில் இல்லை. ஆனால் அந்த இடத்தில் ஒரு துண்டுத் தாள் பசை போட்டு ஒட்டியிருக்கிறது, டைப் அடித்தது, மேலே "9ஏ" என்று மையில் தலைப்பு. ஃபெடரல் கோர்ட் வழக்கும் அச்சில் இல்லை, முகப்பு அட்டையின் உள்பக்கம் வழக்குப் பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறார். அப்படியானால் பழைய பதிப்பையே பத்து வருஷம் ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள் போல. வக்கீல் புதுசு வாங்கிக்கொண்டு இதைத் தாத்தாவிடம் தள்ளிவிட்டாரோ என்னவோ.

இன்னொன்றும் பார்த்தேன். நாலாவது பிரிவு ஓரத்தில், எச் என்ற உட்பிரிவுக்கு நேராக, ஒரு அம்மாள் பெயர் (இங்கே போடவில்லை), "2800, வேறு சொத்து இல்லை" என்று எழுதி ஒரு டிக் அடித்திருக்கிறார். இது என்ன?

---

கடன்கொடுத்தவர்பேத்தி:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், எங்கள் வீட்டில் இந்த உட்பிரிவு கெட்ட வார்த்தை மாதிரி.

கடன் கொடுத்தவர் ஒரு பெண், 1937 அக்டோபர் 1-ல் அவளுக்கு வேறு சொத்து எதுவும் இல்லை, கொடுத்த அசல் மூவாயிரத்துக்கு மேல் இல்லை என்றால் அந்தக் கடனைக் குறைக்க முடியாது. உங்கள் தாத்தா குறிப்பில் இருக்கும் அம்மாள் 2800-ல் தப்பித்திருக்கிறார். எங்கள் பாட்டியின் அத்தை தப்பிக்கவில்லை. சின்ன வயதில் கணவரை இழந்தவர், சீர் நகையை விற்று அக்கம்பக்கத்து மிராசுதாரர்கள் இரண்டு பேருக்கு வட்டிக்குக் கொடுத்து, அந்த வட்டியில்தான் அரிசி வாங்கினார். மொத்தம் 3500. போதாக்குறைக்கு இடிந்த வீட்டில் பாதி அவர் பெயரில். ஆகவே சலுகை இல்லை. வாங்கியவர்களோ வேலி கணக்கில் (ஒரு வேலி ஆறேழு ஏக்கர்) நிலம் வைத்திருந்தவர்கள், சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஏழை விவசாயி, அத்தை லேவாதேவிக்காரி. வருஷக் கணக்காகச் சாப்பிட்ட வட்டியைக் கூட்டிக் கழித்து, இரண்டு மடங்குக்கு இன்னும் நூற்றுச் சொச்சம்தான் பாக்கி என்று ஒருவர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாராம். கடைசி வரை மருமகள் கையை எதிர்பார்த்து இருந்தார்.

மூன்றாம்வாய்தா சார் சொல்கிற 400 ரூபாய்க் கதை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கடன் கொடுத்தவன் எல்லாம் வாசலில் மீசை முறுக்கிக்கொண்டு நின்றவன் என்று நினைக்காதீர்கள். பேங்க் இல்லாத ஊரில் விதவைக்கு வேறு எங்கே பணத்தைப் போட வழி இருந்தது?

---

மூன்றாம்வாய்தா:

அம்மா சொல்வது நியாயம், நான் வழக்குப் பேசவில்லை. மூவாயிரம் என்று கோடு கிழித்தால் 3500-காரர் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்பார், எந்தச் சட்டத்திலும் இது உண்டு. மிராசுதார்கள் குளிர் காய்ந்தார்கள் என்பதும் சரி. யுத்தம் முடிகிற சமயம் பொருளாதார நிபுணர் நாராயணசாமி நாயுடு விசாரணை பண்ணி 1946-ல் கொடுத்த அறிக்கையிலேயே மொத்தக் கடன் இறங்கியிருக்கிறது, ஆனால் குத்தகைக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் சுமை ஏறியிருக்கிறது என்றுதான் இருக்கிறது. நிலம் வைத்திருந்தவன்தான் விலை ஏறியபோது நெல்லை விற்றுக் கடனை அடைத்தான்.

ஆனாலும் ஒன்று. 1895-ல் நிக்கல்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி மாகாணத்துக் கிராமக் கடன் 45 கோடி என்று கணக்குச் சொன்னார், 1930-ல் பேங்கிங் விசாரணைக் குழு 150 கோடி என்றது. அதை அப்படியே விட்டிருந்தால் மிச்ச நிலமும் ஏலத்தில் போயிருக்கும். கொடுத்த அசலைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்காதே என்பது புதுசும் இல்லை, பழைய இந்து தர்மசாஸ்திரத்தில் இருக்கிற தாம்துபத் விதியின் சாயல்தான். பம்பாய்ப் பக்கம் கோர்ட்டுகள் அதைக் கடைப்பிடித்தன, மெட்ராஸில் ஏற்கவில்லை. விட்டுப்போனதை 1938-ல் வேறு உருவத்தில் கொண்டுவந்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

வடவாற்றங்கரை தம்பிக்கு ஒரு சின்னச் சேர்க்கை: அந்த 275-க்கும் வட்டி உண்டு, ஆனால் வருஷத்துக்கு ஆறேகால் சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஏன் ஆறேகால் என்று யோசித்தேன், அப்புறம்தான் பிடிபட்டது. ரூபாய்க்கு மாதம் ஒரு தம்பிடி, வருஷத்துக்கு ஓர் அணா (பன்னிரண்டு தம்பிடி ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய்). சட்டத்திலேயே அப்படி விரித்து எழுதியிருக்கிறார்கள். விரல் விட்டு எண்ணுகிறவனுக்கும் புரிய வேண்டும் அல்லவா.

---

கடன்கொடுத்தவர்பேத்தி:

தம்பிடி கணக்கு எங்கள் பாட்டியும் சொல்வார். "ரூபாய்க்குத் தம்பிடி, அதுக்கு ராத்தூக்கம் வேற கெட்டுதே" என்று. சண்டை இல்லை சார், எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது, எழுதினேன்.

---

வடவாற்றங்கரை:

விற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சொந்தக்காரருக்குத்தான் முகம் தொங்கிப்போயிற்று. நேற்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்தேன், பென்சில் குறிப்பு மட்டும் அறுபதுக்கு மேல் தேறும். பெரும்பாலும் வெறும் எண்கள்தான், இனி ஒவ்வொன்றாக 8-ஆ 9-ஆ என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பழையபேப்பர் அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். அந்த 9-ஏ துண்டுத் தாளுக்கு அடியிலும் ஏதோ எழுதியிருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் கோடு கோடாகத் தெரிகிறது. சோற்றுப் பசையோ மைதாப் பசையோ, ஒரு மூலை தானாகவே எழும்பியிருக்கிறது. லேசாக ஈரம் காட்டிப் பிரித்துவிடலாமா?

---

பழையபேப்பர்:

தொடாதீர்கள்!! அந்தக் காலத்துத் தாள் ஈரம் பட்டால் பசையோடு சேர்ந்து வந்துவிடும், அடியில் எழுதியது துண்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டு போய்விடும். மூலை எழும்பினது எழும்பினபடி இருக்கட்டும். சென்னைக்கு வருகிற வேலை இருந்தால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் காட்டிக் கேளுங்கள், பழைய தாளைக் கையாளத் தெரிந்தவர்கள். அதுவரை அதே வேட்டியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் படுக்கை வாக்கில் வையுங்கள். நிறுத்தி வைத்தால் முதுகு விட்டுவிடும். வேட்டியை முதலில் துவைத்துக் காய வைத்துவிடுங்கள், நீலம் போடாமல்.